ஊர்க் கட்டத்தில் காசி

— “கடலூர் முதல் சிதம்பரம் வரை வாழ்கின்ற பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் இருபத்தொன்றாம் நாள், முற்பகல் பதினொரு மணி பதினைந்து நிமிடத்தில், தென்கரை மருத்துவ அறநிலையத்தின் கடலூர்த் தலைமை மருத்துவமனையில் பதினைந்து ஆண்டுகளாக அரும்பணி ஆற்றிவரும் யூனிக்ஸ் கணினியானது, சிதம்பரம் கிளையில் புதிதாக எழுந்தருளியிருக்கும் உறவுசார் தகவல் களஞ்சியத்தோடு கைகோக்கும். அத்தருணம் முதற்கொண்டு நோயாளிகள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இராது!” எப்படிம்மா இருக்கு ஜான்சி?

— ‘எழுந்தருளியிருக்கும்’னா உற்சவர் மாதிரி இருக்குது சார். அது வெறும் டேட்டாபேஸு. ஒரு மேசைக்கடியில இருக்குது.

— நீ சாஃப்ட்வேர் எழுதுற பொண்ணு. உனக்கு மேடை தெரியாது. மேசைக்கடியில இருக்கறத மேடை மேல ஏத்தறதுக்குத்தான் செயலாளர்னு ஒருத்தன் இருக்கறது.

— ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?

— ஆண்டி, நீ கேட்டா அது கேள்வியா இருக்காது. சரி, கேளு.

— என் மெஷினு கைகோக்கும்ங்கறீங்க. அதுக்குக் கையின்னு இருக்கறது முதுகுப்பக்கம் ஒரே ஒரு ஓட்டை. அதுல ஒரு வயரு. வயரு அந்த மோடம் டப்பாவுக்குப் போவுது, டப்பாவிலேருந்து டெலிபோனுக்குப் போவுது. இதுல யாரு மாப்ள, யாரு பொண்ணு?

— இதுதான், இதுதான்! பதிவேட்டு அறையில பதினஞ்சு வருஷமா ஒக்காந்துக்கிட்டு பேசற பேச்சு. நாட்டுல ஒரு மாறுதல் வந்தா அத வாழ்த்தக் கத்துக்க.

— வாழ்த்தாம என்ன ஐயா. நாளையிலேருந்து என்னை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாத்தியிருக்கீங்க. அங்க டோக்கன் குடுக்க யூனிக்ஸ் வேணாம். அட்டையும் ரப்பர் பேண்டும் போதும். நல்ல காத்தோட்டம்.

— அது தண்டனை இல்லப்பா. மறுபணியமர்வு.

— பேரு நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. அது கெடக்கட்டும், அறிவிப்புக்குக் கீழ உங்க பேரு முழுசா இருக்குதுங்களா?

— ‘செயலாளர் திருநாவுக்கரசு’. கொட்டை எழுத்துல இருக்குது. ஏன்?

— என் மெஷின்ல பேருக்கு இங்கிலீஷ் எழுத்து பன்னெண்டுக்குத்தான் எடம். தொண்ணூத்தேழுல நீங்க மூலத்துக்கு வந்து படுத்தப்ப ஏத்துனேன். பன்னெண்டாவது எழுத்தோட வெட்டிப்புடுச்சி. இன்னிக்கி வரைக்கும் அதுல நீங்க ‘திருநாவுக்க’தான் ஐயா.

— அண்ணே!

— நான் என்னா மேடம் பண்றது, மெஷினு அப்படி. செயலாளர்னு தெரிஞ்சா விட்டுக்குடுக்கற சாதி இல்ல அது.

— ஜான்சி, இவன் கிட்ட பேசிப் பிரயோசனம் இல்ல. அந்த முதல் நோயாளி விவரத்த இன்னொரு தரம் சொல்லு, மனசுல ஏத்திக்கறேன். கார் வந்துடும்.

— பேரு தில்லையம்மாள் சார். வயசு நாப்பத்தேழு. சோனாங்குப்பத்துல மீன் வித்தவங்க. சுனாமியில வீடு போயி, இப்ப கிள்ளையில மக வூட்டுல இருக்காங்க. கெளுத்தி முள்ளு குத்தி பாதம் சீழ் கோத்திருக்குது. பழைய விவரம் எல்லாம் இங்க கடலூர் மெஷின்ல. புண்ணு அங்க சிதம்பரத்துல.

— கேட்டியா ஆண்டி? விவரம் ஒரு ஊர்ல, புண்ணு ஒரு ஊர்ல! நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் இடைவெளிய நாலே விநாடியில நாம தாண்டப்போறோம். இதவிடப் பொருத்தமான நோயாளிய தவம் கெடந்தாலும் புடிக்க முடியுமா? எப்படிம்மா கண்டுபுடிச்ச?

— ஊர் கடலூர், இப்ப இருக்கறது சிதம்பரம் பக்கம்னு டேட்டாபேஸ்ல ஒரு கேள்வி போட்டேன் சார். பதினோரு பேரு வந்தாங்க. அதுல இவங்களுக்குத்தான் புண்ணு பெரிசு.

— சோனாங்குப்பத்துக்காரிக்கு ஊர் கடலூருன்னா வருது?

— ஆமாண்ணே.

— நான் சோனாங்குப்பம்னுல்ல போட்டிருப்பேன்? குப்பத்து ஆளுங்கள நான் என்னிக்குமே கடலூருன்னு போட்டதில்லியே. அவுங்க கோச்சிக்குவாங்க.

— ஆண்டி, இப்ப அதுவா முக்கியம்? கடலூரும் சோனாங்குப்பமும் நடுவுல ஒரு படகு தூரம். மேடையில நடக்கப்போறத மட்டும் கேளு. அந்தம்மாவ நாற்காலியில ஒக்கார வெக்கறோம். டாக்டர் ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. நர்சு ஒரு வார்த்த கேக்க மாட்டா. நம்பரத் தட்டுறோம். எல்லாத் தகவலும் பெரிய திரையில வருது. ஊசி போடறோம். கைதட்டு.

— அந்தம்மாவ ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா சார்?

— கேட்டா அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கும்மா? அதுதானே அறிவிப்போட உயிர் வரி!

— கேக்காம ஊசி போடறது நமக்குப் புதுசா என்ன. கேட்டுப் போட்டாத்தான் புதுசு.

— வாய மூடு ஆண்டி. இந்த இணைப்புக்குன்னு போட்ட குழு பதினாலு கூட்டம் போட்டுது. ஒண்ணுக்காவது வந்து ஒரு நல்ல யோசனை சொன்னியா?

— ரெண்டு தடவ கூப்புட்டீங்க ஐயா. ரெண்டு தடவையும் டீ கொண்டாரச் சொல்லித்தான் கூப்புட்டீங்க.

— தாளுங்க அனுப்பினோமே, உன் பிரிவுக்கு!

— அனுப்புனீங்க, நாப்பது தாளு. ஒண்ணு விடாம கையெழுத்துப் போட்டு அன்னிக்கு சாயங்காலமே திருப்பிட்டேன். அதுல ஏதாவது குத்தம் உண்டா?

— அதுல குத்தம் சொல்ல முடியாது. உன் ஆயுசுல நீ வேகமா செஞ்ச வேலை அது ஒண்ணுதான். சரி, ஹாரன் அடிக்கறான். நான் கெளம்பறேன். பதினொண்ணே காலுக்கு இணைப்பு உயிரோட இருக்கணும் ஜான்சி. என் செல்லு அணைஞ்சிருக்கும். டாக்டருங்க, நர்சுங்க எல்லாரும் அணைச்சு வெக்கணும்னு உத்தரவு போட்டிருக்கேன். மேடையில டிங்குடிங்குன்னு அடிச்சா அசிங்கம்.

— சரி சார். நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்.

— போயிட்டு வாங்க ஐயா. திருநாவுக்க.

— என்னா சொன்ன?

— போயிட்டு வாங்கன்னு சொன்னேன்.

\*

— மணி பதினொண்ணு அஞ்சு. லைன் நிக்குதுண்ணே. இந்த சின்ன பச்ச வெளக்கு எரியற வரைக்கும் கவலையில்ல.

— ஒக்காருங்க மேடம். அரை மணியா நின்னுக்கிட்டே அதப் பாத்துட்டு இருக்கீங்க. ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளிய புருஷன்காரன் நிக்கற மாதிரி. வூடு குறிஞ்சிப்பாடியில எங்க?

— ரயில்வே கேட்டுக்கு இந்தாண்ட, சர்ச்சுக்குப் பக்கத்துல. அப்பா வாத்தியாரு.

— அதான் கோடு போட்ட மாதிரி வேலை செய்யறீங்க. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. ‘உறவுசார்’ங்கறாரே ஐயா. அதுல என்னா ஒறவு? யாருக்கு யாரு சொந்தம்?

— அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லண்ணே. ஒங்க மெஷின்ல ஒரு ஆளப் பத்தி எல்லாமே ஒரே நீள வரியில கெடக்குது. பேரு, வயசு, ஊரு, வியாதி, எல்லாம். புதுசுல ஊருக்கு ஒரு அட்டவணை, ஆளுக்கு ஒரு அட்டவணை, மருந்துக்கு ஒண்ணு. ஆளு அட்டவணையில ஒரு ஊர் பேரு எழுதணும்னா, அந்த ஊரு ஊர் அட்டவணையில இருந்தே ஆவணும். இல்லாத ஊர எழுதவே விடாது.

— ஓ. ரேஷன் கார்டு இல்லாதவன உள்ள வுடாத மாதிரி.

— அப்படித்தான்.

— என் மெஷினு பாவம், அந்த வெவரம் இல்லாதது. என்னா எழுதுனாலும் வாங்கி வெச்சிக்கும். தொண்ணூத்தொண்ணுல இத எழுதிக் குடுத்த ஆளு மெட்ராஸ்லேருந்து வந்தான். எட்டு நாள் தங்குனான், முதுநகர் மெஸ்ஸுல மீன் கொழம்பு சாப்புட்டு வயித்தால போயி ஓடிட்டான். அதுக்கப்புறம் ஒரு கட்டம் சேக்கணும்னாகூட ஆள் கெடையாது. இருக்கற கட்டத்துலயே நாங்களா ஏதோ ஒப்பேத்திக்குவோம்.

— தெரியும்ணே. மூணு மாசமா ஒங்க ஒப்பேத்தலோடதான் குடும்பம் நடத்தறேன். வயசு கட்டத்துல ‘தொண்ணூத்தொம்போது’ன்னு எண்ணூறு பேரு இருந்தாங்க.

— வயசு தெரியாதுன்னு சொன்னவங்க. என்னா பண்றது, காலியா வுட்டா கத்தும் சனியன்.

— இத எல்லாம் தாள்ல எழுதித்தானே அனுப்புனேன் ஒங்க பிரிவுக்கு? ஒவ்வொண்ணா கேட்டு?

— அட நீங்க வேற மேடம். அந்தக் குழு அனுப்புன தாளுல ஒரு எழுத்து நான் படிச்சதில்ல. படிச்சா எனக்கு வேலை போற தேதி தெரிஞ்சிடுமே. பேனாவ எடுத்தேன், நாப்பதுலயும் கையெழுத்து, கட்டி அனுப்பிட்டேன். என்னால முடிஞ்ச ஒத்துழையாமை.

— ஒண்ணுகூடவா படிக்கல?

— ஒண்ணுகூட. ஏன், மூஞ்சி ஏன் அப்படிப் போவுது? தோ தோ, என் திரையில ஓட ஆரம்பிச்சிடுச்சி பாருங்க!

— சிதம்பரத்துல நம்பரத் தட்டிட்டாங்கண்ணே! என் திரையிலயும் வந்துடுச்சி. நாலு செகண்டுகூட ஆவல. அங்க பெரிய திரையில தெரியும் இப்ப. ஏசுவே, நன்றி.

— இருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்குதான்னு பாப்போம். நீங்க ஒங்களுத படிங்க, நான் என்னுதப் பாக்கறேன்.

— பேரு தில்லையம்மாள். பெண்.

— சரி.

— பொறந்த வருஷம் அம்பத்தொம்போது.

— சரி.

— கடைசியா வந்தது தொண்ணூத்தெட்டு பிப்ரவரி. கால் காயம்.

— சரி.

— ஊர், கடலூர்.

— என்னா?

— ஊர் கடலூர்ணே. சரின்னு சொல்லுங்க.

— மேடம், இங்க வந்து என் திரையப் பாருங்க. ஊருக்கு நேரா என்னா போட்டிருக்குது?

— காசி. ஆமா, பழசுல அப்படித்தான் இருந்தது. காசின்னு நானூத்திப் பன்னெண்டு பேரு. நம்ம மாவட்ட ஊர்ப் பட்டியல்ல காசி எங்க இருக்குது? புதுசு ஏத்துக்கல, தள்ளிடுச்சி. அதனால கடலூருன்னு மாத்தித்தான் ஏத்துனோம்.

— நானூத்திப் பன்னெண்டு பேரையுமா?

— ஆமா. ஏண்ணே? அவுங்க எல்லாம் காசிக்குப் போயிட்டு வந்தவங்களா?

— போவ இருந்தவங்க. அது ஊரு இல்ல மேடம்.

— பின்ன?

— பென்சிலின் ஊசி ஒத்துக்காதவங்க. போட்டா நேரா காசிதான். அதுக்கு மெஷின்ல தனிக் கட்டம் கெடையாது. சீட்டு அடிச்சா மொத வரியில பளிச்சுனு தெரியறது ஊருதான். அதனால பழைய பெரிய டாக்டரு ஊர்க் கட்டத்துல காசின்னு போடுய்யான்னாரு. கடலூர்ல ஆயாவுலேருந்து டாக்டர் வரைக்கும் அத்தன பேருக்கும் தெரியும். சீட்டுல காசியப் பாத்தா ஊசியக் கீழ வெச்சிடுவாங்க. பதினஞ்சு வருஷத்துல ஒரு உசுரு போனதில்ல.

— சிதம்பரத்துல யாருக்கும் தெரியாதே அண்ணே. அங்க எல்லாரும் புது ஆளுங்க.

— தெரிஞ்சாலும் என்னா? அவுங்க திரையில கடலூருன்னுல்ல நிக்குது! எந்தப் புண்ணியவான் மேடம் காசியக் கடலூராக்குனது? எந்த மடப்பய சொன்னான் ஒங்களுக்கு?

— அத அப்புறம் பேசலாம்ணே. மொதல்ல ஃபோன்.

— ஐயா செல்லு போடுங்க.

— அணைஞ்சிருக்குது.

— டாக்டருது?

— அணைஞ்சிருக்குது. எல்லாருதும் அணைச்சிருக்கும், உத்தரவு.

— கிளைக்கு லைன் போன் இருக்குதே, அதப் போடுங்க.

— எங்கேஜ்டு.

— மறுபடி போடுங்க. எவன் மணிக்கணக்கா பேசறான் அதுல?

— நாமதாண்ணே பேசறோம். அங்க ஒரே லைனு. அதுலதான் இந்த மோடம் போவுது.

— அப்ப புடுங்குங்க.

— புடுங்கினா அங்க மேடையில திரை நின்னுடும். திறப்பு விழா முடியல.

— அவளுக்கு இது மொத தடவ இல்ல மேடம். தொண்ணூத்தெட்டுல வந்தவ இவதான், இப்ப ஞாபகம் வருது. போட்ட ரெண்டாவது நிமிஷம் ஒதடு இப்படி வீங்கிடுச்சி. மூச்சு வாங்க முடியாம என் சட்டையப் புடிச்சிக்கிட்டா. பட்டன் ரெண்டு தெறிச்சிது. அன்னிக்கி ராத்திரி முழுக்க இழுத்துக்கிட்டு கெடந்து பொழச்சா. நான்தான் மறுநாள் இந்தக் கையால காசின்னு அடிச்சேன். புடுங்குங்க!

— புடுங்கிட்டேன்.

— அடிக்குதா?

— அடிக்குது. அடிக்குது. எடுங்களேன் யாராவது. எடுத்துட்டாங்க, ஸ்பீக்கர்ல போடறேன், பேசுங்க!

— ஹலோ, சிதம்பரம் கிளை, நர்சு மலர்க்கொடி.

— மலரு, நான் கடலூர் ஆண்டி பேசறேன்.

— ஏண்ணே லைன வெட்டிட்டீங்க? பெரிய திரை அப்படியே நின்னுபோச்சி! செயலாளர் ஐயா மூஞ்சியப் பாக்க முடியல. டாக்டருங்க, இன்ஜினியருங்க, அத்தன பேரும் கம்ப்யூட்டரச் சுத்தி நின்னுக்கிட்டு...

— மலரு, ஊசி போட்டாச்சா?

— அது அப்பவே போட்டாச்சிண்ணே.

— டெஸ்ட் ஊசி போட்டுப் பாத்தீங்களா?

— அதுக்கு அரை மணி நேரம் ஆவும், போட்டோகிராபரு போயிடுவாருன்னாங்க. திரையில தடை ஒண்ணும் காட்டலியே. அதனால நேரா போட்டுட்டோம்.

— அந்தம்மா ஒண்ணும் சொல்லலியா?

— சொல்லிச்சிண்ணே. ‘வேணாம்மா, எனக்கு ஊசி ஒத்துக்காது, கடலூர்ல ஒரு தடவ...’ன்னு ஆரம்பிச்சிது. ஐயா மைக்க வாங்கி, ‘பாருங்கள், பழக்கதோஷம்! அம்மா, இனி நீங்கள் பேசவே வேண்டியதில்லை, கணினி பேசும்’னாரு. ஒரே கைதட்டு. அந்தம்மாவும் வெக்கப்பட்டு சிரிச்சிடுச்சி.

— மலர்க்கொடி, நான் ஜான்சி. இப்ப அவுங்க எங்க இருக்காங்க? எப்படி இருக்காங்க?

— நாற்காலியிலதான் இருக்குது. அசந்துபோயி தலைய சாச்சிக்கிட்டு... தூங்குதுன்னு நெனைக்கறேன். நாங்க எல்லாரும் திரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்.

— தூங்கல. கிட்ட போயிப் பாரு. அட்ரினலின் போடு, ஓடு!

— அவசர மருந்துப் பெட்டி இங்க இல்லியேண்ணே. மேடை போட எடம் பத்தலன்னு மாடிக்கு ஏத்திட்டாங்க. சாவி... ஐயோ, அண்ணே, ஒதடெல்லாம்...

— மலரு! ஏய் மலரு!

— ஃபோன வெக்காமயே ஓடிட்டாங்கண்ணே.

— என்னா கேக்குது? எனக்கு இந்தக் காது சரியா கேக்காது. சொல்லுங்க.

— யாரோ மாடிப்படியில ஓடறாங்க. மைக்கு சத்தம் கேக்குது. ‘சிறு தொழில்நுட்பக் கோளாறு, பெருமக்கள் பொறுமை காக்க வேண்டும்’ங்கறாரு.

— இப்ப?

— இன்னும் அவரு பேச்சுதான். மறுபடியும் கைதட்டச் சொல்றாரு.

— இப்ப மேடம்?

— ஒரு பொம்பள கத்தறாங்க. ‘அம்மா, அம்மா’ன்னு. மக போலிருக்குது.

— இப்ப?

— நாதஸ்வர கேசட்டு போட்டுட்டாங்கண்ணே. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

\*

— “தென்கரை மருத்துவ அறநிலையம் ஆழ்ந்த துயரத்தோடு அறிவிப்பது யாதெனில்: இன்று முற்பகல், நவீன மருத்துவத்தின் கைகளையும் மீறி, இயற்கையின் புரியாத விளையாட்டினால்...” ‘விளையாட்டு’ இங்க பொருந்துமா? ‘திருவிளையாடல்’?

— சார், கார்ல வந்து எறங்குனதும் மொத வேலை இதுதானா?

— ஜான்சி, பத்திரிகைக்காரன் ஆறரைக்கு வர்றான். அதுக்குள்ள நாம ஒரு வடிவத்துக்கு வந்தாவணும்.

— வாசல்ல யாரு ஒக்காந்திருக்கறதுன்னு பாத்தீங்களா ஐயா?

— பாத்தேன் ஆண்டி. அவ மக, விருத்தாம்பாள். சிதம்பரத்துலேருந்து என் கார் பின்னாலயே ஆட்டோவுல வந்துட்டா. நான் கண்ணாடிய ஏத்திக்கிட்டேன்.

— அவ அழல. சண்டை போடல. காசும் கேக்கல. ‘எங்கம்மா ஊசி ஒத்துக்காதுன்னு சொல்லிச்சா இல்லியா, அத மட்டும் ஒரு ஆளு எங்கிட்ட சொல்லுங்க’ங்கறா. அதக் கேட்டதுலேருந்து நான் வாசப்பக்கம் போவல.

— நோயாளி உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை. அப்படித்தான் அறிக்கையில வருது.

— தெரிவிச்சா ஐயா. ஒங்க மைக்குலயே தெரிவிச்சா. நீங்கதான் பழக்கதோஷம்னீங்க.

— கத்தாத! கதவு தொறந்திருக்குது. நான் என்னப்பா டாக்டரா? திரையில என்னா இருந்துதோ அதத்தானே நம்புனேன்! திரை கடலூருன்னிச்சி. காசின்னு சொல்லியிருந்தா... சொல்லியிருந்தா மட்டும் என்னா, எனக்குப் புரிஞ்சிருக்கப் போவுதா? ஒரு ஊசி எச்சரிக்கைய ஊர் பேரா எழுதி வெச்சிருக்கான் பாரு, அத எங்க போயி சொல்ல!

— அது பதினஞ்சு வருஷம் ஆளக் காப்பாத்திச்சி. ஒங்க களஞ்சியம் பதினஞ்சு நிமிஷம்கூட காப்பாத்தல.

— சரி, காரணம்னு ஒண்ணு வேணும். ஜான்சி, கேக்கக் கஷ்டமாத்தான் இருக்குது. நீ வெளியாளு, ஒப்பந்தத்துல வந்தவ. காசிய மாத்துன புரோகிராம் ஒன்னுது. நிறுவனம் நெலைக்கணும்னா...

— எழுதிக்கோங்க சார். என் பேரப் போட்டுக்கோங்க. புரோகிராம் என்னுதுதான்.

— மேடம், சும்மா இருங்க! அதெப்படி ஐயா அந்தப் பொண்ணு தலையில கட்டுவீங்க? அவுங்க அவுங்களா மாத்தல. கேட்டு எழுதி அனுப்பியிருக்காங்க. எவனோ சரின்னு சொல்லித்தான் மாத்தியிருக்காங்க. ஒங்க குழுவுல இருக்கற எவனோ ஒரு அறிவாளி!

— அண்ணே, வேணாம்.

— என்னா வேணாம்? காலையிலேருந்து கேக்கறேன், ‘அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்’ங்கறீங்க. யாரக் காப்பாத்தறீங்க? தாளு இருக்கும்ல? இருக்குதா இல்லியா?

— இருக்குதுண்ணே.

— எங்க?

— என் பையில. மத்தியானத்துலேருந்து பையிலதான் இருக்குது.

— எடுங்க. எடுத்து ஐயா கையில குடுங்க. இவ்வளவு நாளா இந்தக் கட்டடத்துல எல்லாத்துக்கும் சிரிச்சிட்டுப் போயிட்டேன். இதுக்கு சிரிக்க மாட்டேன். அவன் யாருன்னு தெரிஞ்சி, சட்டையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயி அந்தப் பொண்ணு விருத்தாம்பா முன்னால நிறுத்துவேன். ‘இவன்தாம்மா, கேட்டுக்க’ம்பேன்.

— சார், வேணாம் சார். என் பேரே இருக்கட்டும்.

— குடும்மா. ஆண்டி சொல்றது ஒரு நாளாவது சரியா இருக்கட்டும். தாளக் குடு.

— இந்தாங்க.

— “பதிவேட்டுப் பிரிவின் கவனத்திற்கு. மாவட்ட ஊர்ப் பட்டியலில் இல்லாத முப்பத்தேழு பெயர்கள் கீழே தரப்பட்டுள்ளன.” ம். ம். “வரிசை எண் பதினொன்று: காசி, நானூற்றுப் பன்னிரண்டு பேர். இதற்கு வேறு பொருள் ஏதேனும் இருப்பின் அருள்கூர்ந்து எதிரே எழுதவும். எதுவும் எழுதப்படாவிடில் கடலூர் என மாற்றப்படும்.” நல்லாத்தான் கேட்டிருக்கம்மா. கோடு போட்டு எடம்கூட விட்டிருக்க.

— எதிர என்னா ஐயா எழுதியிருக்குது?

— ஒண்ணுமில்ல. காலி. கீழ ‘சரிபார்த்தேன்’னு அச்சடிச்சிருக்குது, அதுக்கடியில ஒரு கையெழுத்து. கண்ணாடிய கார்லயே விட்டுட்டேன். இந்தா ஆண்டி, நீதானே கேட்ட. நீயே படி, யாருதுன்னு சொல்லு.

— அண்ணே, ஒக்காருங்க. தண்ணி குடிங்க.

— என்னப்பா, இவ்வளவு நேரம் பேசுன. யாரு கையெழுத்து?

— என்னுது.